சத்தமில்லாமல் சாகும் புரோகிராம்கள்: வாசகர் கேள்வி – பதில்

டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் எரர் மெசேஜை எப்படிக் காட்டுவது, காட்டியது ஏன் கண்ணில் படாமல் போகிறது என்பதைச் சுற்றித்தான் எல்லாக் கேள்வியும்.

கேள்வி (ஈரோடு வாசகர்): பைத்தானில் டிகின்டர் (விண்டோ, பட்டன் காட்டும் லைப்ரரி) வைத்து பில்லிங் புரோகிராம் எழுதியிருக்கிறேன். கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்து ஓட்டினால், தப்பு நேரும்போது எரர் வரிகள் கொட்டுகின்றன. பைஇன்ஸ்டாலரில் கருப்புத் திரை (கன்சோல்) இல்லாத இஎக்ஸ்இ ஆக்கிக் கடைக்குக் கொடுத்தால், ‘சேமி’ பட்டனை அழுத்தியதும் ஒன்றுமே நடப்பதில்லை. எரரும் இல்லை. அது எங்கே போகிறது?

பதில்: போக இடமில்லாததால்தான் காணாமல் போகிறது. பட்டனுக்குப் பின்னால் ஓடும் ஃபங்ஷனில் எக்செப்ஷன் (ஓட்டத்தில் எழும் பிழை) எழுந்தால், டிகின்டர் அதைத் தானே பிடித்து ஸ்டாண்டர்ட் எரரில் (எரர் வரிகள் போகும் வழி) எழுதிவிட்டு, அடுத்த கிளிக்குக்குக் காத்திருக்கும். அதனால்தான் புரோகிராம் மூடுவதும் இல்லை. கன்சோல் இல்லாத இஎக்ஸ்இ-யில் அந்த ஸ்டாண்டர்ட் எரர் வெறும் ‘நன்’, அதாவது பைத்தானில் ‘ஒன்றுமில்லை’. பைத்தானின் ப்ரின்ட், எழுத இடம் இல்லையென்றால் சத்தம் போடாமல் திரும்பிவிடும். நீங்களே நேராக ஸ்டாண்டர்ட் எரரில் ‘ரைட்’ செய்திருந்தால் இன்னும் வேடிக்கை: பழைய பிழையைச் சொல்லப் போய், ‘நன்னுக்கு ரைட் என்ற ஆட்ரிபியூட் இல்லை’ என்று புதுப் பிழை கிளம்பும்.

மூன்று இடங்களில் வலை கட்ட வேண்டும். முதலாவது, டிகே ஆப்ஜெக்டில் இருக்கும் ‘ரிப்போர்ட் கால்பேக் எக்செப்ஷன்’ என்ற மெத்தட் (சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர்). அதற்குப் பதில் உங்கள் ஃபங்ஷனை வையுங்கள். பட்டன், மெனு, டைமர் எல்லாவற்றின் பிழையும் அங்கே வந்து சேரும். இரண்டாவது, சிஸ் மாட்யூலின் ‘எக்செப்ட்ஹூக்’. மெயின்லூப்புக்கு முன்னும் பின்னும் நடப்பதை அது பிடிக்கும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தனி திரெட்டில் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் கிளை) விழும் எக்செப்ஷன் இந்த இரண்டுக்கும் வராது, பைத்தான் 3.8-லிருந்து திரெடிங் மாட்யூலுக்கென்றே தனி எக்செப்ட்ஹூக் இருக்கிறது, அதையும் மாற்றுங்கள். ஆனால் அதற்குள்ளிருந்து மெசேஜ்பாக்ஸைத் திறக்காதீர்கள். எரர் எழுத்தை ஒரு க்யூவில் போடுங்கள். முதன்மை திரெட்டில் ‘ஆஃப்டர்’ மூலம் 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை க்யூவைப் பார்த்து, வந்திருந்தால் அங்கே காட்டுங்கள்.

காட்டுவதற்கு முன் லாக் ஃபைலில் எழுதிவிடுங்கள். வரிசை முக்கியம், ஏனென்றால் விண்டோவைத் திறப்பதே தோற்றுப்போகலாம். லாக் ஃபைலை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் வைத்தால், அட்மின் அல்லாத பயனரால் எழுத முடியாது; பிழையைப் பதியும் இடத்திலேயே பிழை வரும். விண்டோஸில் லோக்கல் ஆப்டேட்டா, மேக்கில் பயனரின் லைப்ரரிக்குள் இருக்கும் லாக்ஸ், லினக்ஸில் ஹோமுக்குள் ‘.லோக்கல்’, அதற்குள் ‘ஸ்டேட்’. இவைதான் அதற்குரிய இடங்கள். சுழலும் லாக் ஹேண்ட்லரை 1 எம்பி, 3 பழைய பிரதி என்று வைத்தால் கடைக் கணினியின் டிஸ்க் நிரம்பாது.

க்யூடி என்ற விண்டோ லைப்ரரியைப் பைத்தானில் தரும் பைக்யூடி பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பைக்யூடி 5.5 முதல், ஸ்லாட்டுக்குள் (கிளிக் போன்றவற்றுக்குப் பதிலாக ஓடும் ஃபங்ஷன்) யாரும் பிடிக்காத எக்செப்ஷன் வந்தால் புரோகிராம் அப்படியே மடிந்துவிடும். எக்செப்ட்ஹூக்கை நீங்கள் மாற்றியிருந்தால் மடியாது. க்யூடிக்கான இன்னொரு பைத்தான் லைப்ரரியான பைசைடில் அப்படி இல்லை, வரிகளை அச்சிட்டுவிட்டுத் தொடரும். இரண்டுக்கும் இடையே மாறுகிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): எடைத்தராசிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடையைப் படிக்கும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் புரோகிராம். டைமர் விநாடிக்கு ஒருமுறை படிக்கிறது. தராசின் கேபிள் கழன்றால் ‘தராசு இணைப்பு இல்லை’ என்று மெசேஜ்பாக்ஸ் வர வேண்டும். வருகிறது, ஆனால் ஒன்றன் மேல் ஒன்றாக ஐம்பது, அறுபது வந்துவிடுகிறது. மெசேஜ்பாக்ஸ் திறந்திருக்கும்போது புரோகிராமின் கோடு (நிரல்) அங்கேயே நிற்கத்தானே வேண்டும்?

பதில்: அந்த ஒரு வரி நிற்கிறது, புரோகிராம் நிற்கவில்லை. மெசேஜ்பாக்ஸ் திறந்தவுடன் தனக்கென்று ஒரு மெசேஜ் லூப்பை (கிளிக், டைமர் போன்ற செய்திகளை எடுத்துக் கொடுக்கும் சுழற்சி) ஓட்ட ஆரம்பிக்கும். இல்லையென்றால் அதன் ‘ஓகே’ பட்டனே வேலை செய்யாது. அந்த லூப், பின்னால் இருக்கும் விண்டோவுக்கு மவுஸும் கீபோர்டும் போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். டைமர் மெசேஜ்களும் வரைதல் மெசேஜ்களும் வழக்கம்போல ஓடும். அடுத்த விநாடி டைமர் அடிக்கிறது, கேபிள் இன்னும் கழன்றே இருக்கிறது, முதல் மெசேஜ்பாக்ஸின் வயிற்றுக்குள் இரண்டாவது பிறக்கிறது. ஒரு நிமிடம் கடைக்காரர் கவனிக்காவிட்டால் அறுபது.

டைமரின் டிக் ஃபங்ஷனில் நுழைந்ததும் முதல் வேலையாக டைமரை நிறுத்துங்கள். மெசேஜ் மூடிய பிறகு ‘ஃபைனலி’ பகுதியில் மறுபடி தொடங்குங்கள். வெள்ளம் நின்றுவிடும். ஆனாலும் தொல்லை தீராது: கடைக்காரர் ‘ஓகே’ அழுத்திய அடுத்த விநாடி இன்னொன்று வரும். எங்கள் கருத்தில் இதற்கு மெசேஜ்பாக்ஸே தப்பான கருவி. எடை காட்டும் கட்டத்தைச் சிவப்பாக்கி, பக்கத்திலேயே ‘தராசு இணைப்பு இல்லை, கேபிளைப் பாருங்கள்’ என்று எழுதுங்கள். இணைப்பு வந்ததும் தானே மறையட்டும். எடை இல்லாமல் பில் போட முயலும்போது மட்டும் மெசேஜ்பாக்ஸ் போதும். நிலைமை நீடிக்கும் பிழையைத் திரையிலேயே காட்டுவது, ஒரு செயல் தோற்றால் மட்டும் விண்டோ திறப்பது என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் வராது.

இதே காரணத்தால், விண்டோவை வரையும் பெயின்ட் ஹேண்ட்லருக்குள்ளிருந்து மெசேஜ்பாக்ஸைத் திறக்கவே கூடாது.

கேள்வி (சென்னை வாசகர்): சி++ புரோகிராம், விண்டோஸில் பல வருடமாக ஓடுகிறது. பின்னணி திரெட் ஒன்று ஃபைல்களை நகலெடுக்கும். தோற்றால் அங்கிருந்தே மெசேஜ்பாக்ஸை அழைப்பேன். ஒருநாளும் தொல்லை இல்லை. மேக்குக்கு மாற்றி, அதே இடத்தில் மேக்கின் எரர் விண்டோவான என்எஸ்அலர்ட் வைத்தேன். எரர் வரும்போதெல்லாம் புரோகிராமே விழுகிறது.

பதில்: விண்டோஸ் உங்களைக் கெடுத்து வைத்திருக்கிறது. அங்கே எந்த திரெட்டும் விண்டோ திறக்கலாம். திறந்த திரெட்டே அதற்குச் சொந்தக்காரர், மெசேஜ்பாக்ஸ் தன் லூப்பையும் அங்கேயே ஓட்டிக்கொள்ளும். மேக்கின் விண்டோ லைப்ரரியான ஆப்கிட்டில் விண்டோ வேலை எல்லாம் முதன்மை திரெட்டில்தான் நடக்க வேண்டும். மீறினால் எக்செப்ஷன் எறிந்து புரோகிராமை முடித்துவிடும். ஜிடிகே, க்யூடி என்ற விண்டோ லைப்ரரிகள் இரண்டிலும் விதி அதேதான். ஆனால் மீறினால் சில சமயம் ஓடும், சில சமயம் உறையும், சில சமயம் விழும். மேக்போல உடனே விழுவதே மேல், உங்கள் மேஜையிலேயே தெரிந்துவிடுகிறது.

வேலையை முதன்மை திரெட்டுக்கு அனுப்புங்கள். மேக்கில் டிஸ்பாட்ச் ஏசிங்க் மூலம் மெயின் க்யூவுக்கு, க்யூடியில் சிக்னலை ‘க்யூட் கனெக்ஷன்’ ஆக இணைத்து, ஜிடிகேயில் ‘ஜி ஐடில் ஆட்’, விண்டோஸ் ஃபார்ம்ஸில் ‘பிகின்இன்வோக்’, டபிள்யூஎக்ஸில் ‘கால்ஆஃப்டர்’. காத்திருந்து பதில் வாங்கும் வகையை (டிஸ்பாட்ச் சிங்க், க்யூடியின் பிளாக்கிங் க்யூட் கனெக்ஷன்) யோசித்தே தொடுங்கள். முதன்மை திரெட் அந்தப் பின்னணி திரெட் முடியக் காத்திருக்கும் நேரமாக இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

அனுப்பும்போது ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸின் ‘கெட்லாஸ்ட்எரர்’ தரும் எண் ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி. யூனிக்ஸ் வழி ‘எர்னோ’வும் அப்படித்தான். முதன்மை திரெட்டுக்குப் போன பிறகு கேட்டால் வேறு ஏதோ எண் வரும், பல நேரம் 0. ‘பிழை: செயல் வெற்றிகரமாக முடிந்தது’ என்ற புகழ்பெற்ற மெசேஜ் இப்படித்தான் பிறக்கிறது. தோற்ற அழைப்புக்கு அடுத்த வரியிலேயே எண்ணை ஒரு மாறியில் எடுங்கள். நடுவில் லாக் எழுதினாலும், ஒரு ஹேண்டிலை மூடினாலும் அது மாறிப்போகலாம். எண்ணை எழுத்தாக்க ‘ஃபார்மேட்மெசேஜ்’ அழைக்கும்போது, ‘இக்னோர் இன்செர்ட்ஸ்’ கொடியைச் சேர்க்க மறக்காதீர்கள். சில சிஸ்டம் செய்திகளுக்குள் %1 என்ற இடைவெளி இருக்கும். அதில் நிரப்ப நீங்கள் எதுவும் தராவிட்டால் அழைப்பு தோற்கும், அல்லது நினைவகத்தில் கண்டதைப் படிக்கப் போகும்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): எரர் மெசேஜ்களைத் தமிழில் காட்ட விரும்புகிறேன். விண்டோஸ் மெசேஜ்பாக்ஸில் ஒரு கணினியில் வெறும் கேள்விக்குறிகள், இன்னொன்றில் விசித்திரமான லத்தீன் எழுத்துகள். பழைய மென்பொருளின் பாமினி எழுத்துகளைப் போட்டால் அதுவும் குப்பையாகிறது.

பதில்: கேள்விக்குறியும் விசித்திர எழுத்தும் இரண்டு வேறு நோய்கள். கேள்விக்குறி வந்தால், யூனிகோட் தமிழை யாரோ வழியில் அந்தக் கணினியின் பழைய கோட்பேஜுக்கு (எழுத்துகளுக்கு எண் தரும் பட்டியல்) மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கோட்பேஜில் தமிழ் இல்லாததால் எழுத்து தொலைந்தே போயிற்று, திரும்பி வராது. தலையில் சாய்கோடு போட்ட சிறிய ‘ஏ’யும், அதையடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மறுபடி மறுபடி வந்தால், எழுத்து நலமாகவே இருக்கிறது, படிக்கிறவர்தான் தப்பாகப் படிக்கிறார். யூடிஎஃப்-8-ல் (யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறை) தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதற்கு இரண்டே வாய்ப்பு. அவற்றை மேற்கு ஐரோப்பியக் கோட்பேஜாகப் படித்தால் அந்த ஜோடிதான் தெரியும்.

மெசேஜ்பாக்ஸ் ஃபங்ஷனுக்கு ‘ஏ’ என முடிவது ஒன்று, ‘டபிள்யூ’ என முடிவது ஒன்று என இரண்டு வடிவம் உண்டு. எப்போதும் டபிள்யூ வடிவத்தை அழையுங்கள். உள்ளே யூடிஎஃப்-8 வைத்திருந்தால் ‘மல்டிபைட் டு வைட்சார்’ மூலம் மாற்றுங்கள். முதல் தடவை அளவு கேட்க, இரண்டாவது தடவை நிரப்ப. சோர்ஸ் ஃபைலிலேயே தமிழ் இருந்தால் விஷுவல் சி++ கம்பைலருக்கு யூடிஎஃப்-8 என்ற சுவிட்சைக் கொடுங்கள். பழைய கோடு மலைபோல் இருந்து எல்லா அழைப்பையும் மாற்ற முடியாவிட்டால், விண்டோஸ் 10-ன் 1903 பதிப்பு முதல் இன்னொரு வழி உண்டு: மேனிஃபெஸ்ட்டில் (புரோகிராமோடு போகும் விவர ஃபைல்) ‘ஆக்டிவ் கோட்பேஜ்’ என்பதை யூடிஎஃப்-8 என்று அறிவித்தால் ‘ஏ’ வடிவமும் யூடிஎஃப்-8 பேசும்.

பாமினிக்கு வழியில்லை. அது லத்தீன் எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய ஃபான்ட். மெசேஜ்பாக்ஸின் ஃபான்ட்டை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டே காட்ட வேண்டும். லினக்ஸில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் ஃபான்ட் இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் பேக்கேஜைச் சேருங்கள்.

வாக்கியத்தை ஒட்டுப்போடும்போதும் கவனம் தேவை. ‘ஃபைல் பெயர்’, அதோடு ‘ஐத் திறக்க முடியவில்லை’ என்று இணைத்தால், ஆங்கிலப் பெயரின் வாலில் ‘ஐ’ தொங்கும். நான்காம் வேற்றுமை வந்தால் இன்னும் மோசம். ‘இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை:’ என்று முடித்து, அடுத்த வரியில் பெயரைத் தனியாகப் போடுங்கள். எந்தப் பெயர் வந்தாலும் உருபு உடையாது. இன்னொன்று: மெசேஜ்பாக்ஸின் பட்டன்கள் உங்கள் மொழியில் வராது, விண்டோஸின் மொழியில்தான் வரும். ‘மீண்டும் முயல “ஆம்” அழுத்தவும்’ என்று எழுதிவிட்டு, கீழே ஆங்கிலத்தில் ‘யெஸ்’ இருந்தால் பயனர் விழிப்பார். பட்டன் பெயரும் தமிழில் வேண்டுமென்றால் விஸ்டா காலத்தில் வந்த ‘டாஸ்க் டயலாக்’ பக்கம் போங்கள். அதற்கு காமன் கன்ட்ரோல்ஸ் 6 வேண்டும் என்று மேனிஃபெஸ்ட்டில் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஃபங்ஷனே கிடைக்காது.

கேள்வி (மதுரை வாசகர்): லினக்ஸில் பேக்கப் எடுக்கும் ஷெல் ஸ்கிரிப்ட். தோற்றால் ஜெனிட்டி மூலம் எரர் விண்டோ காட்டுகிறேன். சில ஃபைல்களுக்கு மட்டும் செய்தி சரியாக வருவதில்லை.

பதில்: அந்த ஃபைல்களின் பெயரில் & அல்லது < இருக்கிறதா பாருங்கள். ஜெனிட்டி தன் செய்தியை பாங்கோ மார்க்அப்பாக (எழுத்தை அலங்கரிக்கும் குறிமொழி) படிக்கும்; ‘சேட்டு & சன்ஸ்’ என்ற ஃபோல்டர் வந்தால் & குறியை ஏதோ கட்டளையின் தொடக்கம் என நினைத்துத் தடுமாறும். ‘நோ மார்க்அப்’ ஆப்ஷனைச் சேர்த்தால் தீர்ந்தது. சி மொழியில் ஜிடிகே எழுதுகிறவர்களுக்கும் இதன் அண்ணன் ஒருவன் உண்டு: மெசேஜ் டயலாக் ஃபங்ஷன் செய்தியை ப்ரின்ட்எஃப் வடிவமாக எடுத்துக்கொள்ளும். பெயருக்குள் % வந்தால் கிராஷ் வரை போகும். வடிவமாக %, அதை ஒட்டி எஸ் கொடுத்து, செய்தியை இரண்டாவதாகக் கொடுங்கள். (அந்த மெசேஜ் டயலாக்கே ஜிடிகே 4.10-ல் ‘இனி பயன்படுத்த வேண்டாம்’ என்று குறிக்கப்பட்டுவிட்டது, புதிதாக எழுதுகிறவர்கள் அலர்ட் டயலாக் என்பதைப் பிடியுங்கள்.)

மேக்கில் இதே ஸ்கிரிப்டை ஓட்ட ஓஎஸ்ஏஸ்கிரிப்ட்டின் ‘டிஸ்ப்ளே அலர்ட்’ இருக்கிறது. ஃபைல் பெயரை ஆப்பிள்ஸ்கிரிப்ட் வரிக்குள் நேராக ஒட்டாதீர்கள். பெயரில் இரட்டை மேற்கோள் வந்தால் ஸ்கிரிப்ட் உடையும், விஷமமான பெயராக இருந்தால் கட்டளையாகவே ஓடும். ஆர்குமென்ட்டாக அனுப்பி உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): அதே ஸ்கிரிப்ட் கிரானில் (குறித்த நேரத்தில் தானே ஓட்டும் வசதி) ஓடும்போது விண்டோ வருவதே இல்லையே?

பதில்: கிரானுக்கு உங்கள் திரை எது என்று தெரியாது, ‘டிஸ்ப்ளே’, ‘வேலண்ட் டிஸ்ப்ளே’ என்ற இரண்டு என்விரான்மென்ட் மாறிகளும் அங்கே காலி. இரண்டும் காலியாக இருந்தால் விண்டோ முயற்சியே வேண்டாம், லாக்கில் எழுதி 0 அல்லாத எண்ணோடு வெளியேறுங்கள். பின்னணியில் ஓடும் விண்டோஸ் சர்வீஸ்களின் கதையும் இதுதான். விஸ்டாவிலிருந்து சர்வீஸ்கள் செஷன் 0 என்ற தனி அறையில் ஓடுகின்றன. அங்கே திறக்கும் மெசேஜ்பாக்ஸை யாரும் பார்க்க மாட்டார்கள், யாரும் ‘ஓகே’ அழுத்தாததால் சர்வீஸ் அப்படியே தொங்கும். சர்வீஸிலிருந்து ஈவென்ட் லாக்குக்கு எழுதுவதே முறை.

கேள்வி (பெங்களூரு வாசகர்): புரோகிராம் தொடங்கவே இல்லை என்றால் அந்தப் பிழையை எதை வைத்துக் காட்டுவது? விண்டோ வரையும் டூல்கிட்டே எழுந்திருக்கவில்லையே.

பதில்: உடைந்ததைச் சார்ந்திராத ஒன்றை வைத்துத்தான். விண்டோஸின் மெசேஜ்பாக்ஸுக்கு யூசர்32 மட்டும் போதும். க்யூடியோ டாட்நெட் விண்டோவோ எழாத நேரத்திலும் அது வரும். விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு எஸ்டிஎல் லைப்ரரியின் ‘ஷோ சிம்பிள் மெசேஜ்பாக்ஸ்’ இருக்கிறது. எஸ்டிஎல்லைத் தொடங்கும் முன்பே அழைக்கலாம். லினக்ஸில் எக்ஸ்11 திரையில் அது தானே வரையும் எளிய விண்டோ, தமிழை அதில் நம்பாதீர்கள். வெப் நுட்பத்தில் டெஸ்க்டாப் ஆப் எழுத உதவும் எலக்ட்ரானின் ‘ஷோ எரர்பாக்ஸ்’ ஆப் தயாராகும் முன்பே வேலை செய்யும். லினக்ஸில் மட்டும் அந்த நேரத்தில் விண்டோ வராமல் ஸ்டாண்டர்ட் எரருக்குப் போகும். ஐகானைச் சொடுக்கித் தொடங்கிய புரோகிராமின் ஸ்டாண்டர்ட் எரரை, சிஸ்டம்டி உள்ள பெரும்பாலான டெஸ்க்டாப்களில் ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு ‘யூசர்’ ஆப்ஷன் கொடுத்துப் பார்க்கலாம்.

க்யூடி புரோகிராம் லினக்ஸில் ‘எக்ஸ்சிபி பிளக்இன்னைத் தொடங்க முடியவில்லை, மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்’ என்று அழுதால், மறுபடி இன்ஸ்டால் செய்து பெரும்பாலும் பயனில்லை. க்யூடி 6.5 முதல் எக்ஸ்சிபி-கர்சர் லைப்ரரி கட்டாயம். டெபியன், உபுண்டுவில் ‘லிப்எக்ஸ்சிபி-கர்சர்0’ பேக்கேஜைச் சேர்த்துப் பாருங்கள். விண்டோஸில் தேவையான ஒரு டிஎல்எல் (லைப்ரரி ஃபைல்) இல்லையென்றால், உங்கள் மெயின் ஃபங்ஷன் ஓடும் முன்பே லோடர் தன் மெசேஜைக் காட்டி முடித்துவிடும். அங்கே உங்கள் கோடுக்கு வாய்ப்பே இல்லை; இன்ஸ்டாலரில்தான் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி (திருச்சி வாசகர்): மேக் பயனர்கள் ‘எந்த ஃபைல் என்றே உங்கள் எரர் சொல்வதில்லை’ என்கிறார்கள். விண்டோஸில் தெளிவாகத் தெரிகிறது. ஒரே க்யூடி கோடு.

பதில்: ஃபைல் பெயரை விண்டோ தலைப்பில் வைத்திருப்பீர்கள். மேக்கில் அலர்ட்டுக்குத் தலைப்பு கிடையாது. க்யூமெசேஜ்பாக்ஸுக்கு நீங்கள் கொடுக்கும் தலைப்பை க்யூடி அங்கே விட்டுவிடும். நடந்ததை ‘டெக்ஸ்ட்’டிலும், காரணத்தையும் செய்ய வேண்டியதையும் ‘இன்ஃபர்மேடிவ் டெக்ஸ்ட்’டிலும், எரர் எண்ணையும் பாதையையும் ‘டீடெயில்ட் டெக்ஸ்ட்’டிலும் வையுங்கள். பட்டன் வரிசையை நீங்கள் அடுக்க வேண்டாம். விண்டோஸில் ‘ஓகே’ இடது, ‘கேன்சல்’ வலது. மேக்கிலும் க்னோமிலும் செயல் பட்டன் வலது ஓரம். பட்டனின் பாத்திரத்தை மட்டும் சொன்னால் க்யூடி அந்தந்த ஊர் வழக்கப்படி அடுக்கிவிடும்.

கேள்வி (சேலம் வாசகர்): வாடிக்கையாளர் போனில் ‘80070020-ன்னு ஏதோ வருதுங்க’ என்கிறார். அதை வைத்து என்ன செய்வது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். 8007 என்று தொடங்கினால் அது விண்டோஸின் சாதாரண எரர் எண், ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை). கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் எடுங்கள்: 0020 என்பது தசமத்தில் 32, ஃபைலை வேறொரு புரோகிராம் திறந்து வைத்திருக்கிறது. அவரிடம் எக்செலில் அந்த ஃபைல் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். 80070005 என்றால் 5, அனுமதி இல்லை. 80070002 என்றால் 2, ஃபைல் இல்லை. எண்ணைப் படித்துக் காட்டும் சிரமமும் அவருக்கு வேண்டாம்: விண்டோஸ் மெசேஜ்பாக்ஸின் மேல் கன்ட்ரோல்+சி அழுத்தினால் தலைப்பு, செய்தி, பட்டன் பெயர்கள் எல்லாம் எழுத்தாகவே நகலாகும், வாட்ஸாப்பில் ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள்.